வெயில்ல தோல் உரிஞ்சா பிள்ளைக்கு கேன்சர் வருமா?

கேள்வி: என் பொண்ணுக்கு 13 வயசு, நல்லா வெளுத்த நிறம். திறந்தவெளி நீச்சல் குளத்துல தினமும் ப்ராக்டிஸ். இந்த வருஷம் ரெண்டு தடவை தோள்பட்டை செவந்து தோலே உரிஞ்சிடுச்சு. தோள்ல நாலு மச்சம் வேற இருக்கு. சின்ன வயசுலயே மெலனோமாங்கிற தோல் கேன்சர் வருதுன்னு படிச்சதுல இருந்து தூக்கம் வரல டாக்டர்.

பதில்: மொதல்ல நிம்மதியா தூங்குங்கம்மா. குழந்தைங்களுக்கு மெலனோமா வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம், அமெரிக்கா மாதிரி பெரிய நாட்டுலயே 20 வயசுக்கு கீழ வருஷத்துக்கு சில நூறு பேருக்குதான் வருது. நாலு மச்சம் இருக்கிறது சாதாரணம். ஆனா தோல் உரிஞ்சதை நான் லேசா எடுத்துக்க மாட்டேன்.

ஏன்னா தோல் உரியுறதுன்னா வெயிலோட யூவி கதிர் பட்டு டிஎன்ஏ கெட்டுப்போன செல்லை உடம்பே கழட்டிப் போடுதுன்னு அர்த்தம், ஆனா நிறத்தைக் கொடுக்கிற செல் இருக்கே அது லேசுல சாகாது, அடிபட்டபடியே உள்ள உக்காந்துக்கும், அந்தக் கணக்கு இருபது முப்பது வருஷம் கழிச்சு கூட வெளிய வரலாம். ஆஸ்திரேலியாவுக்கு குடிபோனவங்களை வச்சுப் பார்த்தாங்க: 10 வயசுக்குள்ள போனவங்களுக்கு அங்கயே பொறந்தவங்க அளவுக்கு மெலனோமா ரிஸ்க், பெரியவங்களாகி போனவங்களுக்கு ரொம்ப கம்மி. சின்ன வயசு வெயில் அவ்வளவு முக்கியம்.

நல்ல சேதியும் இருக்கு. அமெரிக்காவுல 1973-ல இருந்து 2009 வரைக்கும் பிள்ளைங்க மெலனோமா வருஷத்துக்கு சுமார் 2 சதவீதம் ஏறிச்சு, ஆனா 2006-க்கு அப்புறம் டீன் ஏஜ், இருபதுகள்ல இருக்கிறவங்களுக்கு இறங்க ஆரம்பிச்சிடுச்சு. ஆஸ்திரேலியாவுல 1981-லயே சட்டை போடு, க்ரீம் தடவு, தொப்பி வைன்னு பிரச்சாரம் ஆரம்பிச்சாங்க, அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இப்ப குறைஞ்சிருக்கு. அங்க 1992-ல 1,621 பெரியவங்களை வச்சு ஒரு ஆய்வு தொடங்கினாங்க, தினமும் சன்ஸ்க்ரீன் போட்டவங்களுக்கு பிற்காலத்துல மெலனோமா பாதியா குறைஞ்சது.

அதனால நீச்சலை நிறுத்தாதீங்க, நேரத்தை மாத்துங்க. யூவி இண்டெக்ஸ், அதாவது யூவி எவ்வளவு கடுமையா இருக்குன்னு சொல்ற எண், 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேணும், மேகமா இருந்தாலும் யூவி நிறைய இறங்கும். முழுக்கை நீச்சல் டிரெஸ்தான் என் முதல் சாய்ஸ், துணி கழுவிப் போகாது பாருங்க. மீதி இடத்துக்கு தண்ணிக்குத் தாங்குற எஸ்பிஎஃப் 30 சன்ஸ்க்ரீன், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையும் துண்டால துடைச்ச உடனேயும் திரும்பப் போடணும். காது மேல்பக்கம், பின்கழுத்து, புறங்கால், இதையெல்லாம் எல்லாரும் மறந்துடறாங்க.

ஒண்ணு அழுத்திச் சொல்றேன். பெரியவங்களுக்கு கோணல்மாணலா கருப்பா பரவுற மச்சத்தைத் தேடுவோம், பத்து வயசுக்குள்ள உள்ள பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல அப்படி இருக்காது. உருண்டையா, ரோஸ் கலர்ல, மரு மாதிரி, தொட்டா ரத்தம் கசியும். முட்டிக்கு கீழ அப்படி ஒரு கட்டியோட ஒரு பையன் என்கிட்ட வந்தான், மரு மருந்தே நாலு மாசம் தடவியிருந்தாங்க, துளி சதை எடுத்து பயாப்ஸி டெஸ்ட் பண்ணப்பதான் மெலனோமான்னு தெரிஞ்சது, அந்த நாலு மாசம் இன்னும் என் மனசுல உறுத்துது. இந்தச் சின்ன வயசு வகையில பலதுக்கு வெயில் காரணமே இல்ல, பிறவியிலயே ரொம்பப் பெரிய மச்சம் இருந்தாலும் வரலாம். கருத்த தோல் உள்ளவங்க பாதம், உள்ளங்கை, நகத்தடி பார்க்கணும், அங்க வர்ற மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் சம்பந்தம் இல்ல, ஜமைக்கா பாடகர் பாப் மார்லி 36 வயசுல இறந்தது கால்விரல்ல வந்த மெலனோமாவாலதான்.

உங்க பொண்ணோட நாலு மச்சத்தையும் பக்கத்துல ஸ்கேல் வச்சு இன்னைக்கே போட்டோ எடுத்து வைங்க, ஒரு தடவை ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை ஒத்துப் பாருங்க, ஒண்ணு மட்டும் வளருது, கலர் மாறுது, கசியுதுன்னா அடுத்த மாசம் பார்ப்போம்னு விடாம அந்த வாரமே கூட்டிட்டுப் போங்க.