தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தும் ஆய்வில் தேறாதது ஏன்?

கேள்வி: எங்கள் வளாகத்தில் 25 மீட்டர் நீச்சல் குளமும் எட்டுப் பேர் உட்காரும் ஸ்பாவும் (குமிழி எழும் வெந்நீர்த் தொட்டி) இருக்கின்றன. பொதுமக்கள் கட்டணம் கட்டிக் குளிக்கிறார்கள். தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கிறது. குளோரின் வாசனையும் நன்றாகவே வருகிறது. அப்படியும் போன ஆய்வில் ஸ்பாவை அங்கேயே மூடச் சொல்லிவிட்டார்கள். குளத்துக்கும் குறைகள் எழுதினார்கள். அடுத்த மாதம் மறு ஆய்வு. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: உடனடியாக மூட வைக்கும் குறைகளிலிருந்து தொடங்குங்கள். படிவத்தில் எத்தனை வரிகள் இருந்தாலும், ஆய்வாளர் அந்த இடத்திலேயே பூட்டச் சொல்வது சிலவற்றுக்குத்தான். அடித்தள டிரெயின் மூடி உடைந்தோ காணாமலோ இருப்பது, கிருமிநாசினி குறைவாக இருப்பது, பிஎச் (நீரின் அமில-கார அளவு) எல்லை தாண்டியிருப்பது, கரையில் நின்று பார்த்தால் குளத்தின் அடி தெரியாதது, ஸ்பா வெந்நீர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது, நீருக்கருகே மின் கோளாறு. கீழே தரும் எண்கள் பரவலாகப் பின்பற்றப்படுபவை. உங்கள் உள்ளூர் விதி இவற்றைவிடக் கடுமையாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

முதலில் டிரெயின் மூடி. பம்ப் உறிஞ்சும் ஒரே வாயை ஒருவரின் முதுகோ வயிறோ அடைத்துவிட்டால் அங்கே வெற்றிடம் உருவாகும். 30 செ.மீ. சதுரப் பரப்பில் அரை வளிமண்டல அழுத்த வேறுபாடு விழுந்தால் இழுவிசை 450 கிலோ எடையைத் தாண்டும். எத்தனை பேர் சேர்ந்து இழுத்தாலும் ஆளை விடுவிக்க முடியாது. பம்பை நிறுத்துவது ஒன்றே வழி. தலைமுடி சிக்குவது வேறு வகை விபத்து. நீரோட்டத்தோடு கம்பி இடுக்கில் நுழையும் முடி, பின்பக்கம் சுழன்று முடிச்சாகிவிடும். இப்படி நேர்ந்த சாவுகளுக்குப் பிறகுதான் அமெரிக்காவில் 2007-இல் டிரெயின் மூடிகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது.

மூடியில் பொறித்திருப்பதை இன்றே படியுங்கள். அது தாங்கும் அதிகபட்ச நீரோட்ட அளவு, தரைக்கா சுவருக்கா என்பது, எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது எல்லாம் அதிலேயே இருக்கும். பொருத்திய தேதி பதிவேட்டில் இல்லையென்றால் ஆயுள் முடிந்ததா என்று காட்ட வழியில்லை, மாற்றிவிடுவதே நல்லது. இரண்டு டிரெயின்கள் இருந்தால் இடையே குறைந்தது 90 செ.மீ. வேண்டும். ஒன்று அடைபட்டால் மற்றது முழு நீரோட்டத்தையும் தாங்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு மூடியின் அளவையும் பம்பின் முழுத் திறனோடு ஒப்பிடுங்கள், பாதியோடு அல்ல. பழைய பம்ப் பழுதாகிப் பெரிய பம்ப் மாட்டிய இடங்களில் பெரும்பாலும் இங்கேதான் சிக்கல். மூடி அப்படியே இருக்கும், ஓட்டம் ஏறியிருக்கும். ஒரு திருகு குறைந்தாலும் அது பொருத்தப்பட்ட மூடியாகாது. மூடி விலகியதைக் கண்டால் கயிறு கட்டித் தடுப்பது போதாது. பம்பை நிறுத்தி ஆட்களை வெளியேற்ற வேண்டும்.

அடுத்து அந்த வாசனை. அதுதான் உங்களை ஏமாற்றுகிறது. குளக்கரையில் மூக்கைத் துளைப்பது நல்ல குளோரின் அல்ல. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் கலந்து உண்டாகும் குளோரமின் அது. கண் எரிச்சலுக்கும் இதுவே காரணம். கிருமி கொல்வதில் மிக மந்தம். மொத்த குளோரினிலிருந்து தனிக் குளோரினை (எதனோடும் சேராமல் மீந்திருப்பதை) கழித்தால் இதன் அளவு கிடைக்கும். மொத்தம் 2.6, தனி 1.4 என்றால் மீதி 1.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது கன மீட்டர் நீருக்கு ஒரு கிராம், 1 பிபிஎம்). இது 0.4-க்கு மேல் போகக்கூடாது. புதுத் தண்ணீர் விடுவது, குளிக்குமுன் சோப்புக் குளியலைக் கட்டாயமாக்குவது, உள்ளரங்கக் குளமானால் காற்றோட்டத்தைக் கூட்டுவது ஆகியவை நிலையான வழிகள்.

தனிக் குளோரின் குளத்தில் 1 பிபிஎம்முக்கும் (சயனூரிக் அமிலம் சேர்த்த குளத்தில் 2-க்கும்), ஸ்பாவில் 3-க்கும் குறையக்கூடாது. பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் இடையில். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பிஎச் 7.5-இல் குளோரினில் ஏறக்குறைய பாதி வீரியமுள்ள ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும், 8.0-இல் அது கால்பங்காகச் சுருங்கிவிடும். அளவுமானியில் எண் மாறியிருக்காது, ஆனால் மருந்து வேலை செய்யாது. சயனூரிக் அமிலம் வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும், கூடவே அதன் வேகத்தையும் குறைக்கும். இந்த அமிலம் சேர்ந்த குளோரின் மாத்திரைகளை மாதக்கணக்கில் போட்டால் இது தண்ணீரில் சேர்ந்துகொண்டே போகும், ஆவியாகாது. 90 பிபிஎம்மைத் தாண்டினால் நீரைப் பகுதி மாற்றுவதே தீர்வு. ஸ்பாவிலும் உள்ளரங்கக் குளத்திலும் இதற்கு வேலையே இல்லை.

சோதிக்கும் முறையிலும் ஒரு பொறி உண்டு. குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாகும் டிபிடி சோதனை மாத்திரையை மாதிரி நீரில் போட்டதும் இளஞ்சிவப்பு மின்னி மறைந்து நீர் நிறமற்றுப் போனால் குளோரின் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். அளவு மிக அதிகமாகி நிறத்தை வெளுத்திருக்கலாம். அதே நீரைச் சுத்தமான நீரோடு பத்துக்கு ஒன்றாகக் கலந்து மறுபடி பாருங்கள். மஞ்சள் நிறம் காட்டும் பழைய திரவ முறை மொத்த குளோரினை மட்டுமே காட்டும் என்பதால் ஆய்வுக்கு உதவாது. மாதிரியை நீர் வரும் வாய்களிலிருந்து தள்ளி, முழங்கை ஆழத்தில் எடுங்கள்.

அளவு குறைந்தால் கணக்கு எளிது. 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்றால் 350 கன மீட்டர். 1 பிபிஎம் கூட்ட 350 கிராம் குளோரின் வேண்டும். 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளில் சுமார் 540 கிராம். தூளைத்தான் நீரில் போட வேண்டும், தூள்மேல் நீரை ஊற்றக்கூடாது.

பம்ப் அறையில் ஆய்வாளர் நிச்சயம் கேட்பது ஒன்று: சுழற்சி பம்ப் நின்றால் மருந்து பம்புகளும் நிற்குமா? நிற்காவிட்டால் அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் அசையாத குழாயில் சேர்ந்து குளோரின் வாயுவாகி, பம்பை மறுபடி ஓட்டியதும் குளிப்பவர்கள் நடுவே குமிழும். சுவிட்சை மட்டும் இணைத்தால் போதாது. மோட்டார் சுழன்றும் தண்ணீர் ஓடாத நிலை உண்டு. எனவே நீரோட்ட சென்சாரும் வேண்டும். குளத்தில் ஆளில்லாத நேரத்தில், மருந்து பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது வால்வை மெல்ல மூடிச் சில நொடிகள் மட்டும் சோதித்து, தேதியோடு எழுதி வையுங்கள். அமிலத்தையும் குளோரினையும் ஒரே அலமாரியில் வைப்பது தனிக் குறை. ஓட்டமானியில் முள் ஒரே இடத்தில் ஒட்டியிருப்பது சர்வ சாதாரணம். உங்கள் குளத்து நீர் முழுவதும் 6 மணி நேரத்தில் ஒருமுறை சுழல மணிக்கு 58 கன மீட்டர் ஓட வேண்டும். ஸ்பா நீர் அரை மணிக்கு ஒருமுறை. ஃபில்டர் அழுத்தம், சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 0.5 முதல் 0.7 பார் ஏறினால் பேக்வாஷ் (நீரை எதிர்த்திசையில் ஓட்டி ஃபில்டரைக் கழுவுவது).

ஸ்பாவைச் சின்னக் குளம் என்று நினைப்பதால்தான் அது முதலில் மாட்டுகிறது. சூட்டில் குளோரின் சீக்கிரம் தீரும். கொஞ்சம் நீரில் பலர் உட்காருகிறார்கள். குமிழிகளோடு எழும் நுண்துளிகள் நிமோனியா உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமியை நேராக நுரையீரலுக்குக் கொண்டுபோகும். ஆள் இருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கு ஒருமுறை சோதியுங்கள். நீரை மாற்ற, கொள்ளளவு லிட்டரை 11-ஆல் வகுத்து, அதை நாளொன்றுக்கு வருவோர் எண்ணிக்கையால் வகுங்கள். 2,000 லிட்டருக்கு 40 பேர் என்றால் நான்கு நாளுக்கு ஒருமுறை. வடிக்கும்போது உட்சுவரையும் காற்றுக் குழாய்களையும் தேய்த்துக் கழுவாவிட்டால் வழவழப்பான படலம் அப்படியே நிற்கும். புதுத் தண்ணீர் அதே கிருமியோடு தொடங்கும். 15 நிமிட டைமர் பொத்தானை உட்கார்ந்தபடி எட்ட முடியாத இடத்தில் வைக்க வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தானோ எவர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும்.

மற்றவை ஒரே சுற்றில் முடியும்: 1.2 மீட்டர் உயரத் தடுப்பு, தானே சாத்தித் தாழிடும் கதவு, அழியாத ஆழ எண்கள், 1.5 மீட்டருக்குக் குறைந்த இடத்தில் ‘பாயாதே’ அறிவிப்பு, கயிறு கட்டிய மிதவை வளையம், நீண்ட மீட்புக் கோல், நீரருகே உள்ள சர்க்யூட்டுகளுக்குக் கசிவு மின்துண்டிப்பான்.

பதிவேட்டைக் கவனியுங்கள். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் 1.5, 7.4 என்றே மாதம் முழுவதும் எழுதியிருந்தால் யாரும் சோதிக்கவில்லை என்று ஆய்வாளருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். 0.6 என்று எழுதி, என்ன சேர்த்தீர்கள், மறுசோதனையில் எவ்வளவு வந்தது என்று பக்கத்தில் குறித்திருந்தால் அது உங்களுக்குச் சாதகம். மலம் கலந்த நிகழ்வுகளும் அதில் வர வேண்டும். கட்டியாக இருந்தால் குளோரின் 2 பிபிஎம், பிஎச் 7.5 அல்லது குறைவாக வைத்து 25 நிமிடம். பேதி என்றால் குளோரினுக்கு எளிதில் சாகாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியின் பயம் இருக்கிறது: சயனூரிக் அமிலம் சேராத நீரில் 20 பிபிஎம்மை 12.75 மணி நேரம் நிறுத்த வேண்டும், அதுவரை குளம் மூடியிருக்கும்.

ஆய்வு நாள் காலையில் மருந்தை அள்ளிக் கொட்டாதீர்கள். 10 பிபிஎம் தாண்டினாலும் மூடத்தான் சொல்வார்கள். மூடியின் பொறிப்புப் புகைப்படம், பம்பின் ஓட்டக் கணக்கு, சுழற்சி நின்றால் மருந்து பம்பை நிறுத்தும் இணைப்பின் (இன்டர்லாக்) சோதனைத் தேதி, போன ஆய்வின் ஒவ்வொரு குறைக்கும் செய்த வேலையின் ரசீது, இவை நான்கையும் ஒரே கோப்பில் வைத்து, முதலில் ஸ்பாவுக்கு அழைத்துப் போங்கள்.