அவனுக்கு மட்டும் ஏன் டாப் ரேட்டிங்? அப்ரைசல் கேள்வி-பதில்

அப்ரைசல் லெட்டர், அதாவது வருஷ வேலைக்கு கம்பெனி போடற மார்க், கைக்கு வந்த வாரத்துல எனக்கு வர்ற கேள்விங்க முக்கால்வாசி ஒரே ரகம்தான். ஹெச்.ஆர் பக்கம் உக்காந்து இந்த ரேட்டிங்லாம் எப்படி உருவாகுதுன்னு ரொம்ப வருஷம் பாத்த ஆளு நான், அதனால சில பதில் கசக்கும், கோச்சுக்காதீங்க.

கேள்வி: நானும் அவனும் ஒரே வேலைதான் செய்றோம். அவனுக்கு டாப் ரேட்டிங், எனக்கு நடு ரேட்டிங். அவன் மேனேஜர் கூடவே சுத்துறவன். இது ஃபேவரிட்டிசம் தானே?

இருக்கலாம். ஆனா நீங்க தப்பான இடத்துல தேடுறீங்கன்னு தோணுது. ரேட்டிங் போடற அன்னிக்கு நடக்கறது கடைசி சீன், படம் ஆறு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும். யாருக்கு எந்த வேலை போச்சுன்னு பாருங்க, புது கிளையன்ட், மேலிடம் பாக்குற டெமோ, பேர் வர்ற ப்ராஜெக்ட்லாம் அவன்கிட்ட போயிருக்கும், பழைய சாஃப்ட்வேர் கோடை ஒட்டுப்போடற வேலையும் ராத்திரி சப்போர்ட்டும் உங்ககிட்ட வந்திருக்கும், வருஷக் கடைசில ரெண்டு பேர் லிஸ்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா அவன் லிஸ்ட் உண்மையிலேயே பெருசா தெரியும். மேனேஜரை கேட்டா "பாருங்க, நியாயமாத்தான் போட்டிருக்கேன்"னு சத்தியம் பண்ணுவார், அவர் பொய்யும் சொல்லல.

இன்னொண்ணு. 2000-ல ஸ்கல்லன், மவுண்ட், கோஃப்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 4,492 மேனேஜர்கள், ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு பாஸ், ரெண்டு சக ஊழியர், ரெண்டு கீழ வேலை செய்றவங்க மார்க் போட்டிருந்தாங்க. அந்த மார்க்குல இருந்த ஏற்றத்தாழ்வுல 62 சதவீதம் மார்க் போட்டவரோட சொந்தக் குணத்தால வந்தது, வேலைத்திறமையால வந்தது 21 சதவீதம்தான். அதாவது உங்க ரேட்டிங் ஷீட்ல உங்களை விட உங்க மேனேஜர்தான் அதிகமா தெரியறார். அதனால அடுத்த வருஷத்துக்கு ரேட்டிங்க கேக்காதீங்க, வேலைய கேளுங்க, "அடுத்த டெமோ நான் பண்றேன்"னு இப்பவே, மெயில்ல.

கேள்வி: "நான் நல்லாத்தான் போட்டேன், மேல பெல் கர்வ்ல குறைச்சுட்டாங்க"ங்கிறார் மேனேஜர். நம்பலாமா?

பாதி நம்பலாம். பெல் கர்வ்னா டாப்ல இத்தனை பேர், நடுல இத்தனை பேர், கீழ இத்தனை பேர்னு முன்னாடியே எண்ணி வெச்சு ரேட்டிங்க பிரிக்கறது. எல்லா மேனேஜரும் போட்ட ரேட்டிங்க ஒண்ணா வெச்சு சரிபாக்கற காலிப்ரேஷன் மீட்டிங்னு ஒண்ணு நடக்கும், நான் அதுல நிறைய உக்காந்திருக்கேன். சுவத்துல ஒரு எக்செல் ஷீட், ஏழெட்டு மேனேஜர், 60, 70 பேர் பேரு. ஒரு பேருக்கு ரெண்டு நிமிஷம் கிடைச்சா பெருசு. டாப் பெட்டில 12 பேர், இடம் 8 பேருக்கு. அப்போ டைரக்டர் "இவர் யாரு, என்ன பண்ணாரு"ம்பார். ஒரு மேனேஜர் டக்குனு மூணு விஷயம் சொல்லுவார், அந்த பேரு அங்கயே நிக்கும். இன்னொருத்தர் "ம்ம்... நல்ல பையன் சார், ஹார்ட் வொர்க்கர்"னு இழுப்பார், அடுத்த செகண்ட் மவுஸ் அந்த பேரை பிடிச்சு கீழ்ப்பெட்டில இறக்கிடும். எதிரிங்க யாரும் இல்ல அங்க, உங்களுக்காக பேச ஒரு வரி இல்ல, அவ்ளோதான். செல்லப்பிள்ளைக்கு மட்டும் அந்த வரி எப்பவும் ரெடியா இருக்கும்.

கர்வ் மேல கோவம் நியாயம்தான். அமெரிக்காவோட ஜெனரல் எலெக்ட்ரிக் (ஜி.ஈ) கம்பெனித் தலைவரா இருந்த ஜாக் வெல்ச், ஊழியர்களை டாப் 20, நடு 70, கடைசி 10 சதவீதம்னு பிரிச்சு அதை உலகத்துக்கே ஃபேஷன் ஆக்கினார், மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பர்ல அந்த மாதிரி வரிசைப்படுத்துறத கை விட்டுச்சு. டாப்ல இடம் எண்ணி வெச்சிருந்தா பக்கத்து சீட்காரனுக்கு உதவி பண்றதே நஷ்டம்னு ஆயிடுது. மேனேஜர்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: "என் பேர் வந்தப்போ நீங்க என்ன சொன்னீங்க, அவங்க என்ன கேட்டாங்க?" நிஜமாவே போராடினவர் உடனே சொல்லுவார், மத்தவர் கர்வ் பத்தி பாடம் எடுப்பார்.

கேள்வி: வருஷம் பூரா ஒரு குறையும் இல்ல, கடைசி மாசம் ஒரு ரிலீஸ் சொதப்பிடுச்சு. ரிவ்யூ முழுக்க அதேதான்.

மனுஷ மூளைக்கு கிட்டத்துல நடந்தது பெருசா தெரியும். கூடவே வேண்டாத பொண்டாட்டி கைபட்டா குத்தம் கால்பட்டா குத்தம் கதையும் சேரும், இதோட மறுபக்கத்த, ஒரு நல்ல குணத்தைப் பாத்து எல்லாமே நல்லதுன்னு மார்க் போடறத, உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-லயே ராணுவ அதிகாரிங்க ரேட்டிங்ல காட்டிட்டார். மாசம் ஒரு தடவை அஞ்சு வரி மெயில் அனுப்புங்க, தேதியோட. செல்ஃப் அப்ரைசல்ல அதை அப்படியே ஒட்டுங்க.

கேள்வி: ஹெச்.ஆர்-கிட்ட புகார் குடுக்கலாமா?

'பிடிச்சவனுக்கு குடுத்துட்டார்'னு போனா ஒண்ணும் நடக்காது, பிடிச்சவனை பிடிக்கறது பல இடத்துல விதிமீறலே இல்ல. ஆனா பொண்ணுங்கிறதால, கர்ப்பமா இருந்ததால, மதம், சாதி, வயசு காரணமா குறைச்சாங்கன்னா அது வேற கேஸ். அமெரிக்காவுல ஃபோர்டு கம்பெனி 2000-ல மேனேஜர்களை ஏ, பி, சி-னு பிரிச்சுது, வயசானவங்களை குறி வெச்சு சி போடறாங்கன்னு கேஸ் விழுந்து, அந்த முறையை மாத்தி, 1 கோடி டாலருக்கு மேல குடுத்து செட்டில் பண்ண வேண்டியதாச்சு. எழுதும்போது 'ஃபேவரிட்டிசம்'ங்கிற வார்த்தையே வேண்டாம். டார்கெட் இது, நான் முடிச்சது இது, ரிவ்யூல எழுதினது இது, மூணும் பக்கத்துல பக்கத்துல. கோவத்தோட அன்னிக்கே அனுப்பாதீங்க, ரெண்டு நாள் டிராஃப்ட்ல கிடக்கட்டும்.

கேள்வி: அப்போ நானும் ஜால்ரா போடணுமா?

வேண்டாம். உங்க மூஞ்சிக்கு செட் ஆகாது, அவருக்கும் தெரிஞ்சிடும். நீங்க என்ன பண்றீங்கன்னு அவருக்கு தெரியப்படுத்தறது ஜால்ரா இல்ல.

கேள்வி: நான் மேனேஜர். எனக்கும் ஒரு செல்லப்பிள்ளை இருக்கானோன்னு டவுட். எப்படி கண்டுபிடிக்கிறது?

இருப்பான், எல்லாருக்கும் இருப்பான், நம்மள மாதிரியே பேசறவனை நமக்கு பிடிக்கும். நம்பர் போடறதுக்கு முன்னாடி டீம்ல ஒவ்வொருத்தர் பேருக்கும் கீழ அவங்க செஞ்ச மூணு விஷயம் எழுதுங்க, எதையும் திறந்து பாக்காம. நான் டீம் பாத்த காலத்துல இதை பண்ணப்போ ஒருத்தனுக்கு பக்கம் ரொம்பிடுச்சு, இன்னொரு பொண்ணு பேருக்கு கீழ "பிரச்சனை இல்ல"ன்னு மட்டும் எழுதிட்டு உக்காந்திருந்தேன். ஒரு வருஷமா பத்தடி தூரத்துல உக்காந்த பொண்ணு. அப்புறம் பழைய டிக்கெட்ஸை, அதாவது வந்த பிரச்சனைகளோட பதிவை, திறந்து பாத்தா, பிரச்சனை இல்லாம இருந்ததுக்கு காரணமே அவதான். போன வருஷம் நான் போட்ட ரேட்டிங் அந்த ஸ்க்ரீன்லயே பக்கத்து டேப்ல திறந்திருந்துச்சு.