நூறு நாள் வேலைக்காரர்களுக்குப் பயிற்சி: யார் பணம் தருகிறார்கள்?

வட்டார அளவில் ஊரக வளர்ச்சிப் பணிகளைப் பார்த்துவந்த ஒருவர், நூறு நாள் வேலை பார்க்கும் குடும்பத்தினர் தொழிற்பயிற்சிக்குப் போனால் உதவித்தொகை தரும் மத்திய அரசின் 'உன்னதி' திட்டம் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். தொகைகளும் விதிகளும் 2024-25 நிலவரப்படி.

அண்ணா, எனக்கு 29 வயசு. நூறு நாள் வேலைக்குப் போகிறேன். தையல் கற்க ஒரு மாதம் போனால் கூலி போய்விடுமே?

அந்தக் கூலியைத் தருவதற்குத்தான் உன்னதி, தங்கச்சி. பயிற்சியில் இருக்கும் நாட்களுக்கு உங்கள் மாநிலத்தின் நூறு நாள் வேலைக் கூலியையே உதவித்தொகையாகத் தருவார்கள். தமிழ்நாட்டில் 2024-25இல் அது நாளுக்கு 319 ரூபாய். முப்பது நாள் என்றால் 9,570. அதிகபட்சம் நூறு நாளுக்குக் கிடைக்கும். இந்தப் பணம் முழுக்க மத்திய அரசுடையது. கற்றுக்கொடுக்கும் செலவு தனிக் கணக்கு, அதைப் பயிற்சித் திட்டமே பார்த்துக்கொள்ளும். இப்படி இரண்டு பையிலிருந்து பணம் வருவதால்தான், ஒரு ஆபீசில் கேட்டால் இன்னொரு ஆபீசைக் கைகாட்டுகிறார்கள்.

அம்மாதான் வேலைக்குப் போகிறார். நூறு நாளும் முடித்துவிட்டார். வயது 53. அவர் சேரலாமா?

முடியாது, 18 முதல் 45 வரைதான். ஆனால் நூறு நாள் கணக்கு குடும்பத்துக்கு உரியது, வயது கணக்குதான் ஆளுக்கு உரியது. நம் ஊர்ப் பணித்தளங்களில் நிற்பது பெரும்பாலும் நடுவயது தாண்டிய பெண்கள். அவர்கள் உழைத்து முடித்த நூறு நாளை வைத்து வீட்டிலிருந்து மகளோ மருமகளோ ஒருவர் பயிற்சிக்குப் போகலாம். பலருக்கு இது தெரிவதே இல்லை. வேலை அட்டையில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எங்களுக்குப் போன வருஷம் 61 நாள்தான் வேலை கொடுத்தார்கள். வாய்ப்பு உண்டா?

உதவித்தொகை கிடைக்காது. முந்தைய நிதியாண்டில் குடும்பம் நூறு நாள் முடித்திருக்க வேண்டும் என்பது விதி. எனக்கு இதில் உடன்பாடில்லை. நாடு முழுக்கப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது சராசரியாக ஐம்பது நாள் சொச்சம்தான். வேலை கேட்டும் கிடைக்காத குடும்பத்துக்குத்தான் வேறு தொழில் அவசரம். அந்தக் குடும்பத்தை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது இந்த விதி.

ஆனால் பயிற்சிக் கதவு மூடவில்லை. ஆர்செட்டி, அதாவது மாவட்டத்து முன்னோடி வங்கி நடத்தும் சுயதொழில் பயிற்சி மையத்தில், நூறு நாள் முடிக்காதவர்களும் சேரலாம். கட்டணம் கிடையாது, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். கூலி இழப்புதான் உங்கள் தலையில் விழும். அதனால் பத்து நாள், பதினைந்து நாள் பயிற்சிகளை முதலில் கேட்டுப் பாருங்கள்.

சேர்த்துவிட ஒருவர் 3,000 ரூபாய் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். எந்தக் கட்டத்திலும் பணம் கட்ட வேண்டியதில்லை. வேலை அட்டை, ஆதார், வங்கிப் புத்தகத்தோடு நேரே பிடிஓ ஆபீஸ், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலகம் போங்கள்.

எந்தப் பயிற்சி நல்லது? வீட்டுக்காரர் ஆடு வளர்க்கலாம் என்கிறார், தம்பிக்குக் கம்பெனி வேலை வேண்டும்.

தம்பிக்கு தீனதயாள் உபாத்யாயா கிராமின் கௌசல்யா யோஜனா, அதாவது கிராமத்து இளைஞர்களைச் சம்பள வேலைக்குப் பயிற்றும் மத்திய அரசுத் திட்டம். மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். குறைந்தது மூன்று மாதம் ஆகும், முடிவில் வேலையும் பார்த்துத் தருவார்கள். பொதுவாக அங்கே 35 வயதுதான் வரம்பு, பெண்களுக்கு 45.

ஆடு வளர்ப்புக்கு ஆர்செட்டியும் சரி, வேளாண் அறிவியல் நிலையமும் சரி. இரண்டுமே உன்னதியில் உண்டு. ஆனால் உதவித்தொகை வீட்டுக்கு ஒருவருக்குத்தான். யாருக்கு என்று பேசி முடிவெடுங்கள்.

ஆர்செட்டி சான்றிதழ் இருந்தால் கடன் நிச்சயமா?

நிச்சயம் இல்லை. பயிற்சிக்குப் பிறகு இரண்டு வருடம் வரை மையம் உங்களைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும், வங்கிக் கடனுக்கும் உதவ வேண்டும். கொடுப்பதா வேண்டாமா என்பது வங்கி மேலாளர் கையில். பழைய கடன் பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிட்டுப் போங்கள்.