வீட்டில் நெருக்கடி, தூக்கமும் இல்லை: ஜிம்மை விட்டுவிடலாமா?

அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இரவில் 5 மணி நேரம்கூட தூக்கமில்லை, வாரம் 5 நாள் செய்துவந்த வெயிட் டிரெய்னிங்கை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். விட்டுவிடாதீர்கள். வாரம் 2 நாளாக்குங்கள், செட்களைக் (நிறுத்தாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்றுதான் ஒரு செட்) குறையுங்கள். வெயிட்டில் மட்டும் கை வைக்காதீர்கள்.

பலரும் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள். வெயிட்டைப் பாதியாக்கிவிட்டு அதே 20 செட்டையும் போடுகிறார்கள். அசதி அப்படியே இருக்கிறது, பலம்தான் இறங்குகிறது. சேர்த்த பலத்தைக் காப்பாற்ற, பழைய செட்களில் மூன்றில் ஒரு பங்கு போதும். 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், 16 வாரம் பயிற்சி எடுத்தவர்களில் ஒரு குழுவினர் அடுத்த 32 வாரம் அதில் ஒன்பதில் ஒரு பங்குதான் செய்தார்கள். இளவயதினரின் தசை குறையவில்லை; 60 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் அது போதவில்லை.

ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) 80 கிலோவில் 4 செட், செட்டுக்கு 8 ரெப் (8 முறை) போடுபவர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் உடம்பைச் சூடாக்க வெறும் பாரில் (20 கிலோ) 8 ரெப், 40-ல் 5, 60-ல் 3. பிறகு 80-ல் 5 ரெப், ஒரே செட். தெம்பிருந்தால் 3 நிமிடம் உட்கார்ந்துவிட்டு இன்னொன்று. இன்னும் இரண்டு ரெப் வரும் என்கிறபோதே பாரை ரேக்கில் வைத்துவிடுங்கள். இரண்டாவது ரெப்பிலேயே பார் திணறி ஏறினால், அன்றைக்கு மட்டும் 10 கிலோவைக் கழற்றி ஒரு செட்டோடு முடியுங்கள். இதே கணக்கில் பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்துத் தூக்குவது), ரோயிங் (வெயிட்டை வயிற்றை நோக்கி இழுப்பது). 40 நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம்.

தரையிலிருந்து பாரைத் தூக்கும் டெட்லிஃப்ட் இப்போதைக்கு வேண்டாம். ஆஸ்பத்திரி நாற்காலியில் இரவைக் கழித்த முதுகு ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும். அசதியில் இடுப்பு வளைவதும் தெரியாது. 4 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய மறுநாள் பாரையே தொடாமல், 20 நிமிடம் நடங்கள். டென்ஷனைத் தீர்க்கிறேன் என்று மூச்சு முட்ட ஓடுவதும் வேண்டாம். அதிலிருந்து தேறவும் தூக்கம் வேண்டும், உங்களிடம் இல்லாததே அதுதான்.

மாலையில் பிரீ ஒர்க்அவுட் பவுடரையும் (ஜிம்முக்கு முன் குடிக்கும், பெரும்பாலும் கஃபீன் கலந்த பவுடர்) காபியையும் நிறுத்துங்கள். குடித்து 5 மணி நேரம் ஆனாலும் கஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பிலேயே இருக்கும். கிடைக்கிற கொஞ்சத் தூக்கமும் போய்விடும். சாப்பாட்டு நேரம் தவறும் நாட்களுக்கு இரண்டு அவித்த முட்டையோ வறுத்த கடலையோ பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலைமை சீரானதும் முதல் வாரமே 4 செட்டுக்குத் தாவினால் இரண்டு நாள் மாடிப்படி இறங்க முடியாது. முதல் வாரம் 2, அடுத்த வாரம் 3, அதற்கடுத்து 4 என்று ஏற்றுங்கள்.