சுகர் உள்ளவர்கள் சாப்பிடுகிற மாதிரி, மாவுச்சத்து குறைந்த சாக்லேட் இனிப்பு ஏதாவது வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். பட்டர் ஃப்ரூட்டையும் (அவகாடோ) கோகோவையும் அரைத்து, அந்தப் பழத்தின் சீசனில் வாரம் ஒரு தடவை செய்கிறேன்.

நான் சமையல்காரன் இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் எனக்கு ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 8.1 என்று வந்தது. சோற்றைக் குறைத்தேன். சாயங்காலத் தட்டுவடை செட்டைக்கூட விட்டேன். அது எவ்வளவு பெரிய தியாகம் என்று சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். சாக்லேட்டை மட்டும் விட முடியவில்லை.

முதலில் குறுக்கு வழியில்தான் போனேன். ‘சுகர் ஃப்ரீ’ என்று அட்டையில் போட்டிருந்த ஒரு சாக்லேட்டை வாங்கி, பாதியை ஒரே மூச்சில் முடித்தேன். அன்று ராத்திரி வயிறு பட்ட பாடு தனிக்கதை. காலையில் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் மால்டிடால் என்ற மாற்று இனிப்பு. அது சர்க்கரை இல்லைதான். ஆனால் உடம்பு அதில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும், ரத்தச் சர்க்கரையும் ஏறும். உறிஞ்சாத மிச்சம் குடலில் போய்க் கலாட்டா பண்ணும்.

அடுத்து, சொந்தக்காரர் ஒருவர் சொன்னார் என்று நாட்டுச்சர்க்கரை போட்டுச் செய்தோம். வெல்லம், கருப்பட்டி, பேரீச்சை, தேன் எல்லாமே இந்த விஷயத்தில் சர்க்கரையின் பங்காளிகள்தான். அதேபோல ‘குளூட்டன் ஃப்ரீ பிரவுனி’ என்று வருகிற குறிப்புகளிலும் ஏமாறாதீர்கள். கோதுமையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பல நேரம் மரவள்ளி மாவைப் போடுகிறார்கள். ஜவ்வரிசிக்குப் பேர் போன ஊரில் இருந்துகொண்டு சொல்கிறேன், அது முழுக்க முழுக்க மாவுச்சத்து. மரவள்ளியில் செய்கிற ஜவ்வரிசி 100 கிராமில் 85 கிராமுக்கு மேல் அதுதான்.

எனக்குக் கடைசியில் கைகொடுத்தது ஏற்காட்டுப் பட்டர் ஃப்ரூட். சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்களுக்கு நடுவே நிற்கிற மரம். ஆடி, ஆவணியில் ஏரிப் பக்கம் பாட்டிகள் கூறு கட்டி வைத்திருப்பார்கள். இது மரத்திலேயே பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். கல் மாதிரி இருப்பதை வாங்கி வந்து, ஒரு வாழைப்பழத்தோடு சேர்த்து அரிசி டிரம்மில் புதைத்து வைப்பேன். (நான் சோற்றைக் குறைத்ததில் இருந்து அந்த டிரம்முக்கு இதுதான் முக்கிய வேலை.) நாலைந்து நாளில் காம்புப் பக்கம் அழுத்தினால் விரல் லேசாகப் பதியும். அதுதான் பதம். பதம் வராததை அரைத்தால் பச்சை வாடை அடிக்கும், எவ்வளவு கோகோ போட்டாலும் போகாது.

நாலு பேருக்கான அளவு: சதை 200 கிராம், இனிப்பில்லாத கோகோ பவுடர் 25 கிராம், தண்ணீர் விடாமல் எடுத்த தேங்காய் முதல் பால் 100 மில்லி, எரித்ரிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகப் போடுகிற மாற்று இனிப்பு) 40 கிராம், கெட்டி டிகாஷன் இரண்டு ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. கோகோ என்பது கோகோதான். பாலில் கலந்து குடிக்கிற சாக்லேட் பவுடரில் பாதிக்கு மேல் சர்க்கரையாகவே இருக்கும். டிகாஷனை விட்டுவிடாதீர்கள். காபி ருசி தனியாகத் தெரியாது, சாக்லேட் ருசியைத்தான் தூக்கிக் காட்டும்.

எரித்ரிட்டாலை அப்படியே போட்டால் ஃப்ரிட்ஜில் வைத்ததும் மறுபடி படிகமாகி, பல்லில் மணல் மாதிரி நறநறக்கும். எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது. அதனால் மிக்ஸியில் மாவாக அரைத்து, கோகோவோடு சேர்த்துத் தேங்காய்ப்பாலில் கொட்டி, சின்னத் தீயில் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். கொதிக்க விட்டால் பால் திரிந்துவிடும். ஓரத்தில் ஆவி வந்ததும் இறக்கி, நன்றாக ஆற வையுங்கள். இந்த ஆற வைக்கிற வேலையில் அவசரம் கூடாது. பட்டர் ஃப்ரூட் சூடு பட்டால் கசக்கும். பொறுமையில்லாமல் ஒரு தடவை சூட்டோடு அரைத்துவிட்டு, பாகற்காய் அல்வா சாப்பிட்டோம்.

ஆறிய கலவை, சதை, டிகாஷன், உப்பு எல்லாவற்றையும் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். ஜாரின் ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பச்சை நிறம் துளி தெரியக் கூடாது. கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும். நம்மூர்ப் பழத்தில் தண்ணீர்ச் சத்து கொஞ்சம் கூடுதல். தளர்ந்து போனால் அடுத்த முறை தேங்காய்ப்பாலைக் குறையுங்கள். சின்னக் கிண்ணங்களில் ஊற்றி மூன்று மணி நேரம் ஃப்ரிட்ஜ். அவ்வளவுதான்.

பட்டறைத் தராசு 0.1 கிராம் வரைக்கும் காட்டும் என்பதால் கணக்குப் போடாமல் விட மனசு வரவில்லை. நார்ச்சத்தைக் கழித்தால் மாவுச்சத்து பழத்தில் 4 கிராம், கோகோவில் 6, தேங்காய்ப்பாலில் 4 கிராம் போல வரும். ஆக, ஒரு கிண்ணத்துக்கு மூன்றரை கிராம். ஒரு டீஸ்பூன் சர்க்கரையை விடக் குறைவு. ஆனால் கலோரி குறைவு என்று நினைக்காதீர்கள், கிண்ணத்துக்கு 150 பக்கம் வரும். எரித்ரிட்டால் இந்தக் கணக்கில் வராது, பெரும்பகுதி அப்படியே சிறுநீரில் போய்விடும்.

அதற்காக அதைத் தினமும் அள்ளிப் போடவும் மாட்டேன். ரத்தத்தில் எரித்ரிட்டால் கூடுதலாக இருப்பவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வருவதாக 2023-ல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் எழுதினார்கள். காரணமே அதுதான் என்று நிரூபணம் ஆகவில்லை. இருந்தாலும் வாரம் ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்சுலின், மாத்திரை எடுப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பதிலாக இதைச் சாப்பிட வேண்டாம், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். பழம், கோகோ இரண்டிலும் பொட்டாசியம் அதிகம்.

எங்கம்மா முதல் நாள் ஒரு வாய் வைத்துவிட்டு, “ஏங்கண்ணு, காயை அரைச்சு வெச்சிருக்கியே, பாயசத்துக்குப் பதிலா இதுவா?” என்றார்கள். இப்போது ஆடி பிறந்தால், “ஏற்காட்டுப் பக்கம் போற வேலை ஏதும் இல்லையா?” என்று அவர்களே கேட்கிறார்கள்.

சீசன் முடிந்த பிறகு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பழுத்த சதையில் எலுமிச்சை நாலு சொட்டு விட்டு மசித்து, 200 கிராம் பொட்டலமாக ஃப்ரீஸரில் போட்டுவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் தாங்கும். நிறம் கொஞ்சம் மங்கும், கோகோ அதை மூடிவிடும்.