'இரண்டு ஃப்ரீடாக்கள்' ஓவியத்தின் மனநிலையை எப்படிப் புரிந்துகொள்வது?

மீயதார்த்த ஓவியம் என்றால், நடக்கவே முடியாத ஒன்றை நடந்தது போலவே வரைவது. மனசுக்குள் இருக்கும் வலிக்கு உருவம் கிடையாது, அதனால் ஓவியர் அதற்கு ஒரு உடம்பைக் கொடுக்கிறார்.

மெக்சிகோவின் ஃப்ரீடா காலோ, கணவர் தியேகோ ரிவேராவைப் பிரிந்த 1939-இல் வரைந்தது இது. இரண்டு ஃப்ரீடாக்கள் கைகோத்து உட்கார்ந்திருக்கிறார்கள், இருவர் இதயமும் வெளியே தெரிகிறது. முதலில் பின்னால் இருக்கும் புயல் மேகத்தைப் பாருங்கள். சண்டை நடந்த வீட்டுக்குள் நுழைந்ததும் யாரும் சொல்லாமலே நமக்குப் புரிந்துவிடுமே, அப்படித்தான். அப்புறம் கைகள். ஒருத்தி கையில் தியேகோவின் குட்டிப் படம். அங்கிருந்து கிளம்பும் ரத்தக்குழாய் இரண்டு இதயங்களையும் தொட்டு மற்றவள் மடிக்கு வருகிறது, அவள் இடுக்கியால் பிடித்தும் வெள்ளைப் பாவாடையில் ரத்தம் சொட்டுகிறது. எனக்கு மொத்தப் படமும் அந்தச் சொட்டில்தான் இருக்கிறது.

இதைக் கனவுக் காட்சி என்று பலர் நினைக்கிறார்கள். கனவை அல்ல, தன் நிஜத்தையே வரைந்ததாகக் காலோவே சொல்லியிருக்கிறார்.