செல்ஃப் அடிக்குது, கரண்ட் வரல: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: 1997 மாடல் பெட்ரோல் பிக்கப், புரோக்கர் மூலம் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு வாங்கினேன். விடியற்காலை மூன்று மணிக்குக் கத்தரிக்காய் ஏற்றிக்கொண்டு நேதாஜி மார்க்கெட் போகிற வண்டி. பத்து நாளாக செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. கரண்ட் வரவில்லை என்று பிளக், எச்.டி. வயர், காயில் மூன்றையும் மாற்றியாகிவிட்டது. 6,400 ரூபாய், பில் இல்லை. இப்போது டெல்கோவே போய்விட்டது, 9,500 ஆகும் என்கிறார் மெக்கானிக். வாங்கலாமா?
- விவசாயி, இலவம்பாடி

பதில்: வாங்காதீர்கள். நாளை மதியம் வரைக்குமாவது வாங்காதீர்கள்.

உங்கள் மெக்கானிக் இதுவரை எதையும் சோதிக்கவில்லை, மாற்றிப் பார்த்திருக்கிறார். மாற்றிப் பார்ப்பது அவருக்குச் சுலபம், காசு உங்களுடையது. பேட்டரி கரண்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக்குவது காயில்; அதை எச்.டி. வயர் வழியாக ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பிரித்துக் கொடுப்பது டெல்கோ, அதாவது டிஸ்ட்ரிபியூட்டர்; பொறி தட்டி பெட்ரோலைப் பற்றவைப்பது பிளக். டெல்கோ வாங்கும் முன் ஒரு டெஸ்ட் லேம்ப் வாங்குங்கள். பன்னிரண்டு வோல்ட் பல்பு ஒன்று, இரண்டு வயர், அவ்வளவுதான். ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்குக் கிடைக்கும்.

முதலில், கரண்ட் வரவில்லை என்பதே உண்மையா என்று பாருங்கள். பழைய பிளக் ஒன்றை எச்.டி. வயரில் செருகி, அதன் இரும்பு உடம்பு இன்ஜினைத் தொடும்படி வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் சட்சட்டென்று பொறி பறக்க வேண்டும். வெறும் கையால் பிடிக்காதீர்கள், பல்லாயிரம் வோல்ட். பத்து நாளாக அடித்து அடித்து இன்ஜினில் பெட்ரோல் நாற்றம் அடிக்கும். அதனால் மற்ற பிளக்குகளைக் கழற்றாதீர்கள், பெட்ரோல் கேனைத் தூரமாக வையுங்கள்.

பிளக்கில் பொறி இல்லை, ஆனால் காயிலிலிருந்து வரும் நடு வயரில் இருக்கிறது என்றால், குற்றவாளி டெல்கோவின் மூடியோ உள்ளே சுற்றும் ரோட்டாரோதான். அவை இரண்டும் தனித்தனியாகக் கிடைக்கும், முழு டெல்கோவும் வேண்டாம். நடு வயரிலும் இல்லையா? சாவியை ஆன் செய்துவிட்டு, டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை எர்த்திலும் (இன்ஜின் இரும்பிலும்) மறு முனையை காயிலின் பிளஸ்ஸிலும் வையுங்கள். எரியவில்லை என்றால் காயிலுக்கே கரண்ட் போகவில்லை. ஃபியூஸ், சாவி சுவிட்ச், இடையில் அறுந்த வயர் என்று பின்னோக்கிப் போங்கள். செல்ஃப் அடிக்கும்போதும் எரிகிறதா என்று பாருங்கள். ஆன் நிலையில் எரிந்து, ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பியதும் அணைகிற சாவி சுவிட்சுகள் உண்டு.

பிளஸ்ஸில் எரிகிறதா, முனையை மைனஸுக்கு மாற்றி செல்ஃப் அடியுங்கள். விட்டுவிட்டு மின்னினால் டெல்கோ தன் வேலையைச் செய்கிறது. காயிலையும் நடு வயரையும்தான் சந்தேகிக்க வேண்டும். புதிதாகப் போட்ட காயில் என்பதால் அது நல்ல காயில் ஆகிவிடாது. மின்னாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் (டெல்கோவுக்குள் திறந்து மூடும் சுவிட்ச்) ஒட்டவில்லை, பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் வண்டி என்றால் பிக்கப் காயிலோ (டெல்கோ சுற்றுவதை உணரும் பாகம்) இக்னைட்டரோ (காயிலின் கரண்ட்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாகம்) அதன் எர்த்தோ. எரியவே இல்லை என்றால் பாயின்ட்டோ அதோடு இணைந்த கண்டென்சரோ எர்த் ஆகியிருக்கும், அல்லது காயில் உள்ளே அறுந்திருக்கும்.

இன்னொன்று, இதற்கு லேம்ப் கூட வேண்டாம். டெல்கோ மூடியைத் திறந்து வைத்து செல்ஃப் அடியுங்கள். ரோட்டார் சுற்றவில்லை என்றால் டைமிங் பெல்ட்டோ, டெல்கோவைச் சுற்றும் பல்சக்கரமோ போயிருக்கிறது. அந்த நிலையில் 9,500 ரூபாய்க்குப் புது டெல்கோ மாட்டினாலும் அதுவும் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு என்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். பல வருடங்களுக்கு முன் சத்துவாச்சாரியில் ஒரு பழைய பெட்ரோல் வேன் வாங்கினேன். மூன்றாம் நாள் நின்றது. "காயில் பூட்ச்சுண்ணா" என்றார் ஒருவர், மாற்றினேன். "இக்னைட்டர்ணா" என்றார் இன்னொருவர், அதையும் மாற்றினேன். நான்காம் நாள் என் அக்கா பையன் டிரைவர் சீட்டுக்கடியில் விழுந்த நாணயத்தைத் தேடும்போது அவன் கை ஒரு குட்டி சுவிட்சில் பட்டது. வண்டி திருடு போகாமல் இருக்க, முந்தைய ஓனர் காயிலுக்குப் போகும் வயரில் வைத்த கட்-ஆஃப். என் முழங்கால் இடித்து அணைந்திருந்தது. பிளஸ்ஸில் ஒரு பல்பைப் பிடித்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அந்தப் பழைய காயில் இன்னும் பரணில் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. நீங்களும் புரோக்கரிடம் வாங்கியவர், சீட்டுக்கடியிலும் டேஷ்போர்டுக்கு அடியிலும் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள்.

கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தருவதற்குத் தயங்கினால், 6,400 எங்கே போனது என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: என் பிக்கப் டீசல். காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. ஹைவேயில் ஒரு மெக்கானிக் ஸ்பார்க் பிளக் மாற்றியதாக 1,800 வாங்கினார். மறுநாளும் அதே கதை.
- டிரைவர், பள்ளிகொண்டா

பதில்: டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அவர் மாற்றியது ஹீட்டர் பிளக்காக (ஸ்டார்ட் ஆவதற்கு முன் சூடேற்றும் பிளக்) இருந்தால் பழசைக் காட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பணத்தைக் கேளுங்கள். டீசல் லைனில் காற்று புகுந்திருக்கிறதா, பம்பில் டீசலைத் திறந்து மூடும் ஸ்டாப் சோலனாய்டுக்கு கரண்ட் போகிறதா என்று வேறு ஆளிடம் பாருங்கள்.

கேள்வி: ஆன்லைனில் படத்தைப் பார்த்து இக்னைட்டர் வாங்கினேன். சாக்கெட் பொருந்தவில்லை. வயரை வெட்டி நானே இணைத்தேன், புகை வந்தது. திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்கள். ஏமாற்றுதானே?
- வாசகர், காட்பாடி

பதில்: இல்லை.

கேள்வி: ஆற்காட்டில் ஒரு கடையில் 2,300 ரூபாய்க்கு காயில் வாங்கினேன். மறுநாளே செத்துவிட்டது. பில்லில் 'விற்ற எலக்ட்ரிக்கல் சாமான் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று சீல் குத்தியிருக்கிறது. லோடு ஓட்டுகிற வண்டி, அதனால் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது என்கிறார் கடைக்காரர்.
- சொந்த வண்டி ஓட்டுநர், ராணிப்பேட்டை

பதில்: பில் வாங்கியிருக்கிறீர்களே, முதலில் அதற்கு ஒரு கும்பிடு.

அந்த ரப்பர் சீலைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ மறுப்பது முறையற்ற வணிகம் என்று அதில் எழுதியிருக்கிறது. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு: மேலே காட்பாடிக்காரர் மாதிரி எரித்துவிட்டுக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குச் சோதித்துப் பார்த்துச் சொல்லட்டும். மல்டிமீட்டர் இல்லாத ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை உண்டா? காயிலின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே பெரும்பாலான பழைய வண்டிகளில் ஒன்றரையிலிருந்து மூன்று ஓம் காட்டும். முடிவிலி காட்டினால் காயில் உள்ளே அறுந்திருக்கிறது, அங்கேயே வழக்கு முடிந்தது. இப்படிச் சோதிக்க முடிந்த பொருளுக்கு எதற்கு அந்த சீல்? மானாவாரியாக எல்லா பில்லிலும் குத்திவிட்டால் பத்தில் ஒன்பது பேர் பயந்து போய்விடுவார்கள் என்கிற கணக்குதான். பயப்படாத அந்தப் பத்தாவது ஆள் நீங்களாக இருங்கள்.

'லோடு வண்டி' என்பதும் பாதி உண்மை. வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டம் சொல்கிறது, சரி. ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிறவரை அது விலக்கவில்லை. ஒரு வண்டியை வைத்துக்கொண்டு நீங்களே ஓட்டிப் பிழைக்கிறீர்கள், அதைச் சொல்லுங்கள். முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட். மத்தியானம் பொய்கை சந்தையில் நிறுத்தினால் திரும்ப எடுக்காது. அரை மணி ஆறவிட்டால் எடுக்கும். வேலூர் வெயில்தான் காரணமா?
- மாட்டு வியாபாரி, அணைக்கட்டு

பதில்: வெயில் மேல் பழியைப் போட்டு பெட்ரோல் டேங்க் மேல் ஈரச்சாக்கு போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். எடுக்காமல் நிற்கும் அந்த நிமிஷத்திலேயே பொறி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பெட்ரோல் பக்கம் கோளாறு. வராவிட்டால் சூடானதும் படுத்துவிடும் காயிலோ இக்னைட்டரோ. ஆறிய பிறகு ஒர்க் ஷாப்பில் சோதித்தால் எல்லாம் நன்றாகவே காட்டும், நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்பார்கள். மெக்கானிக்கைச் செவ்வாய்க்கிழமை சந்தைக்கே அழைத்துப் போங்கள். டீ செலவு உங்களுடையது.

கேள்வி: ஓடாத பிக்கப் ஒன்று 45,000க்கு வருகிறது. "பேட்டரி மட்டும்தான் வீக்" என்கிறார். நாளை அட்வான்ஸ் தரலாமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: பேட்டரி மட்டும்தான் என்றால் அவரே ஒரு பேட்டரியை இரவல் வாங்கிப் போட்டு ஓட்டிக் காட்டட்டும். ஆர்.சி. யார் பேரில் இருக்கிறது, எஃப்.சி. எதுவரை, ஃபைனான்ஸ் பாக்கி உண்டா என்று நீங்கள் ஒரு வரி கூட எழுதவில்லை. அதைத் தெரிந்துகொண்டு மறுபடி எழுதுங்கள். அட்வான்ஸ் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.